கியர் ஆயில் மாற்றிய வாரம்

வினோலியாவுக்கு ஒன்றரை வயதில் வந்த காய்ச்சல் இடது காலின் தெம்பைக் கொண்டுபோய்விட்டது. கால் இருக்கிறது; முழங்காலுக்குக் கீழே சதைதான் பிடிக்கவில்லை. கம்பி வைத்த பூட்ஸ் மாட்டி, இடது கையைத் தொடையில் ஊன்றி ஊன்றித்தான் நடப்பார். சேலம் அரிசிப்பாளையம் தேவாலயத்தில் ஞாயிறு பூசை முடிந்து கூட்டம் கலையும்போது அவர் எங்கே போகிறார் என்று கணவர் மார்ட்டின் தேட வேண்டியதில்லை. எல்லாத் தலையும் நேராகப் போக, ஒரு தலை மட்டும் ஏறி இறங்கிப் போகும். "உன்னத் தொலைக்கவே முடியாது" என்பார் மார்ட்டின். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அந்தக் காலைப் பற்றி அவர் சொன்னது அது ஒன்றுதான்.

பள்ளிக்கூடத்துக்கு வர முடியாத பிள்ளைகளைத் தேடிப்போய்ச் சொல்லிக்கொடுப்பது வினோலியாவின் வேலை. கழுத்து நிற்காத பிள்ளை, பேச்சு வராத பிள்ளை, எட்டு வயதாகியும் கரண்டி பிடிக்கத் தெரியாத பிள்ளை. எழுத்தும் கணக்கும் அங்கே ரொம்பத் தள்ளித்தான் வரும். உட்காரப் பழக்க வேண்டும், விழுங்கப் பழக்க வேண்டும், வேண்டும் வேண்டாம் என்பதைக் கண்ணாலாவது காட்டப் பழக்க வேண்டும். ஒரு அறக்கட்டளை அவருக்குச் சம்பளம் கொடுத்தது. ராசிபுரம் பக்கம் சில வீடுகள், மல்லசமுத்திரத்தைச் சுற்றிக் காட்டுக்குள் ஐந்து வீடுகள்.

பல வருடம் பக்கத்துச் சக்கரம் வைத்த ஸ்கூட்டரில்தான் போய்வந்தார். வெயில் காலத்தில் முகமெல்லாம் கருத்துப்போகும். மழை பெய்தால் மண் பாதையில் பக்கத்துச் சக்கரம் புதைந்துகொள்ளும். யாராவது வந்து தூக்கிவிடும்வரை வண்டிமேலேயே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். ஒரு ஐப்பசியில் ஆட்டையாம்பட்டி தாண்டி அப்படி உட்கார்ந்திருந்துவிட்டு வந்து காய்ச்சலில் படுத்தபோதுதான் மார்ட்டின் பழைய கார் ஒன்றைப் பார்த்துவிட்டு வந்தார். சின்னக் கார், வெள்ளி நிறம், ஆட்டோமேட்டிக் கியர். கிளட்ச் கிடையாது. வலது கால் ஒன்று போதும்.

ஓட்டிப் பழகி, உரிமம் வாங்கி, தனியாக முதல்முறை ஊரைத் தாண்டிப் போன நாளை வினோலியா மறக்கவில்லை. காளிப்பட்டி வரைக்கும் போய், சாலையோரப் புளியமரத்தடியில் வண்டியை நிறுத்திவிட்டு, ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே கொஞ்ச நேரம் அழுதார். துக்கத்தில் அல்ல. தான் நினைத்த இடத்துக்குத் தன்னால் போக முடிகிறது என்பது நாற்பது வயதுக்குமேல் கிடைத்தால் மனுஷிக்கு அப்படித்தான் இருக்கும். அன்றைக்கு மூன்று வீட்டுக்குப் போனார். ஸ்கூட்டரில் ஒரு வீட்டுக்குப் போனாலே இடுப்பு விட்டுப்போகும்.

காரை விற்ற கடைக்காரர் சொன்ன ஒரு விஷயம் அவருக்கு ரொம்பப் பிடித்திருந்தது. "என்ஜின் ஆயில மட்டும் நேரத்துக்கு மாத்துங்க. கியர்பாக்ஸ் ஆயிலத் தொடவே வேணாம். அது ஆயுசுக்கும் வரும்." வினோலியா அப்படியே நம்பினார். நம்பாமல் இருக்கக் காரணமும் இல்லை. வருடம் தவறாமல் சர்வீஸ் விட்டார். அங்கேயும் என்ஜின் ஆயில் மாற்றினார்கள், பிரேக் பார்த்தார்கள், கழுவிக் கொடுத்தார்கள். கியர்பாக்ஸைப் பற்றி யாரும் பேசவில்லை.

கார் பேச ஆரம்பித்தது ஒரு மாசி மாதத்தில். காலையில் கியர் கம்பியை டி-க்குத் தள்ளினால் வண்டி உடனே நகராது. மூச்சு வாங்குகிறவரைப் போலக் கொஞ்சம் யோசித்துவிட்டு, பின்னாலிருந்து யாரோ இடித்த மாதிரி ஒரு குலுக்கலோடு கிளம்பும். பிறகு ஓட்டத்தில், கியர் மாறுகிற இடத்தில், கப்பிக்கல் ரோட்டில் போகிற மாதிரி ஒரு நடுக்கம். ஏசி போட்டால் கூடும். சரி, ஏசியால்தான் என்று அவர் ஏசியை நிறுத்திவிட்டு ஜன்னலை இறக்கிக்கொண்டார். வெயில் ஏற ஏற நடுக்கமும் ஏறியது. வினோலியா கார் கதவைத் தட்டிக்கொடுத்து, "இன்னும் கொஞ்ச நாள் ஓடு தங்கம்" என்று கேட்டுக்கொண்டதோடு சரி. பிள்ளைகளின் உடம்பில் ஒரு சின்ன இழுப்பு வந்தாலும் பார்த்துவிடுகிற கண்ணுக்கு இது தெரியாமலில்லை. தெரிந்துகொள்ளப் பயம்.

சித்திரை நடுவில் ஒரு மத்தியானம் அது நடந்தது.

மல்லசமுத்திரத்திலிருந்து உள்ளே தள்ளி, மரவள்ளிக் காட்டுக்கு நடுவில் சௌமியாவின் வீடு. சௌமியாவின் கணவர் ரிக் வண்டியில் ஆழ்துளைக் கிணறு போடுகிற வேலைக்கு வடக்கே போனவர். வருடத்துக்கு இரண்டு முறை வருவார். வீட்டில் சௌமியா, அவள் மாமனார் பச்சமுத்து, மகள் அறிவு. அறிவுக்கு எட்டு வயது. பிறக்கும்போது மூச்சு திணறியதில் உடம்பு சொன்ன பேச்சு கேட்காது. ஆனால் காது கூர்மை. டீச்சரின் கார் தார் ரோட்டிலிருந்து மண் பாதைக்குத் திரும்பும்போதே அவள் சிரிக்க ஆரம்பித்துவிடுவாள்.

அன்றைக்குப் பாடம் முடிந்து வினோலியா கிளம்பினார். காரை உயிர்ப்பித்து டி-க்குத் தள்ளினார். வண்டி நகரவில்லை. ஆக்ஸிலேட்டரை மிதித்தார், என்ஜின் கத்தியது, சக்கரம் அசையவில்லை. ஆர்-க்குத் தள்ளிப் பார்த்தார். அதுவும் இல்லை. திரும்ப மிதிக்கப் போனபோது வாசலிலிருந்து குரல் வந்தது.

"வேண்டாம் சாமி, முறுக்காதீங்க. நிறுத்தீருங்க."

பச்சமுத்து அந்தக் காலத்தில் ரிக் வண்டி ஓட்டியவர். ராஜஸ்தான், ஒரிசா என்று பாதி வாழ்நாள் வெளியே போனவர். இப்போது குட்டியானை என்கிற சின்ன லாரி ஒன்று வைத்துக் கிழங்கு ஏற்றிக்கொண்டிருந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து பானெட்டைத் திறக்கச் சொன்னார். ஒரு கந்தல் துணியைக் கையில் சுற்றிக்கொண்டு உள்ளே தேடி, ஒரு மெல்லிய குச்சியை உருவினார்.

"இது என்ஜின் குச்சியில்லீங்க. கியர்பாக்ஸுக்குத் தனியா ஒன்னு இருக்குது. இதை என்னைக்காச்சும் உருவிப் பாத்திருக்கறீங்களா?"

வினோலியா இல்லையென்று தலையாட்டினார். அப்படி ஒரு குச்சி இருப்பதே அவருக்குத் தெரியாது.

பச்சமுத்து குச்சியைத் துடைத்து, விட்டு, என்ஜினை மறுபடி ஓடவிட்டு எடுத்தார். நுனியில் மட்டும் கொஞ்சம் நனைந்திருந்தது. அதையும் வெள்ளைத் துணியில் தடவியபோது வறுத்த காப்பிக்கொட்டை நிறம். மோந்து பார்த்துவிட்டு வினோலியாவிடம் நீட்டினார். அடிபிடித்த பாத்திரத்தின் வாசம்.

"புது ஆயிலு குங்குமத் தண்ணியாட்டம் செவப்பா இருக்கோணும். இது வெந்து போச்சுங்க. போதாததுக்கு அளவும் இல்ல, எங்கியோ ஒழுகீருக்குது. ரிக்குலயும் இதே கதைதான். ஆயிலு வெந்தா அமுக்கம் ஏறாது. அமுக்கம் இல்லீனா எதும் அசையாது."

வினோலியா வழக்கமாக சர்வீஸ் விடுகிற இடத்துக்குப் போன் செய்தார். அவர்கள் மரியாதையாகத்தான் பேசினார்கள். இந்த வயது வண்டியில் கியர்பாக்ஸ் போனால் முழுசாக மாற்றுவதுதான் வழி, அதற்கு ஆகிற செலவுக்கு வண்டியே பெறாது, வந்த விலைக்குத் தள்ளிவிடுவது நல்லது என்றார்கள். அவர் போனை வைத்துவிட்டுக் கார் சீட்டில் உட்கார்ந்தார். வெளியே கிழங்குக் காடு வெயிலில் ஆடிக்கொண்டிருந்தது. அவர் நினைப்பு காரைப் பற்றியதாக இல்லை. இந்த ஐந்து வீட்டையும் இனி ஸ்கூட்டரில் சுற்ற இந்த இடுப்பால் முடியாது. எந்த வீட்டை விடுவது? எந்தத் தாயிடம் போய், அடுத்த வாரத்திலிருந்து வரமாட்டேன் என்று சொல்வது?

சௌமியா ஒரு சொம்பில் மோர் கொண்டுவந்து கொடுத்தாள்.

பச்சமுத்துதான் பேசினார். "அயோத்தியாப்பட்டணத்துல தோமினிக்குனு ஒருத்தர் இருக்கறாருங்க. திருச்செங்கோட்டு ரிக் ஓனருங்க காரெல்லாம் அவருகிட்டத்தான் போகும். ஆட்டோமேட்டிக் பொட்டி மட்டுந்தான் பிரிப்பாரு. அவரு பாத்து ஆகாதுன்னா உட்டுரலாம். பாக்காம எதுக்கு உடறது?"

"எப்படிங்கய்யா கொண்டுபோறது? டிராக்டர்ல கயிறு கட்டி இழுத்துட்டுப் போயிரலாமா?"

"அது மட்டும் ஆகாது. முன் சக்கரம் தரையில உருண்டா உள்ள பொட்டியும் சுத்தும். என்ஜின் ஓடாம ஆயிலு மேல ஏறாது. இருக்கறதும் தீஞ்சுரும். எங்க ஓனரு காரு ஒன்ன அப்படி இழுத்துத்தான் நாங்களே நாசம் பண்ணுனோம். தூக்கி வெச்சுத்தான் கொண்டுபோகோணும்."

தட்டு வண்டி ஒன்றுக்குச் சொல்லிவிட்டார். அது வந்து காரைச் சங்கிலியால் மேலே இழுத்து ஏற்றியது. அறிவை சௌமியா இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். கார் சாய்ந்து ஏறுவதைப் பார்த்து அறிவு உடம்பெல்லாம் குலுங்கச் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் வினோலியாவும் கொஞ்சம் சிரித்துவிட்டார். தட்டு வண்டியின் முன்சீட்டில் அவரை ஏற்றிவிட்டு, பச்சமுத்துவும் பக்கத்தில் ஏறிக்கொண்டார். "நீங்க தனியாப் போக வேண்டாம்" என்றார். சேலத்தைத் தாண்டி அந்தக் கோடிக்குப் போய்விட்டு அவர் பஸ்ஸில் திரும்பி வந்துகொள்ள வேண்டும். அதைப் பற்றி அவர் பேசவேயில்லை.

தோமினிக்கின் பட்டறை ஆத்தூர் ரோட்டில், ஒரு வேப்பமரமும் தகரக் கூரையுமாக இருந்தது. ஐம்பது வயதுக்காரர். நிதானமான ஆள். கை துடைத்துக்கொண்டே பச்சமுத்து சொன்னதைக் கேட்டார். வினோலியாவிடம் எப்போதிலிருந்து, எந்த நேரத்தில், சூடாக இருக்கும்போதா குளிர்ந்திருக்கும்போதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்தார்.

"ரேடியேட்டருக்குப் போற ஆயில் பைப்பு ஒன்னு கசியுது. அதனாலதான் குறைஞ்சிருக்கு. ஆனா குறைஞ்சது இப்போ. கெட்டது ரொம்ப நாளா."

"மாத்தவே வேணாம்னு சொன்னாங்கண்ணா. ஆயுசுக்கும் வரும்னு."

"நிறைய பேரு அப்படித்தான் சொல்றாங்க. யாரோட ஆயுசுன்னு சொல்றதில்ல." தோமினிக் சிரிக்காமல் சொன்னார். "ஆயில் தீந்துபோற சாமான் இல்ல டீச்சர், அது நெஜம். ஆனா சூட்டுல கெட்டுப்போகும். நம்ம ஊரு வெயிலு, நின்னு நின்னு போற டவுன் ரோடு, காட்டுப் பாதை, இதெல்லாம் அதுக்குக் கஷ்ட ஜீவனம். வண்டியோட குடுத்த புத்தகத்துல பாத்தீங்கன்னா, கடுமையான ஓட்டம்னா சீக்கிரம் மாத்துன்னு சின்ன எழுத்துல இருக்கும். நான் அம்பதாயிரம் கிலோமீட்டருக்குள்ள மாத்தச் சொல்லுவேன். அதுக்கு நடுவுல வருஷத்துக்கு ஒருதரம் குச்சிய எடுத்து நிறமும் வாசமும் பாத்தா போதும். இந்த வண்டி அதைப் போல ரெண்டு பங்குக்கு மேல ஓடியிருக்கு."

"இந்த ஆயில் அப்படி என்னதான் செய்யுதுங்கண்ணா? வழவழப்புக்குத்தானே?"

"அது ஒரு வேலை. சூட்டையும் எடுத்துட்டுப் போகும். ஆனா பெரிய வேலை வேற. கியர் வண்டியில கிளட்ச்ச மிதிச்சு மிதிச்சு விடறோம்ல, இதுல மிதிக்கறது இந்த ஆயிலுதான். பம்பு அமுக்கிக் குடுக்கும், அது போய் உள்ள இருக்கற கிளட்ச்சப் பிடிக்கும், விடும். இடது கால் பண்ணவேண்டிய வேலைய..."

தோமினிக் பாதியில் நிறுத்திவிட்டார். அவர் கண் தானாக வினோலியாவின் பூட்ஸுக்குப் போய், சட்டென்று வேப்பமரத்துக்குப் போய்விட்டது. காது மடல் சிவந்தது.

வினோலியா சிரித்தார். வாய்விட்டே சிரித்தார். "சொல்லுங்கண்ணா. அப்போ என் இடது காலத்தான் நான் இத்தன வருஷமா பாக்காம விட்டிருக்கேன்."

அதற்குப் பிறகு மூவருக்கும் பேச்சு லேசாகிவிட்டது. தோமினிக் இருப்பதை இருப்பதாகச் சொன்னார். ஆயில் மாற்றினால் சரியாகிவிடும் என்று தன்னால் சத்தியம் செய்ய முடியாது. உள்ளே கிளட்ச் பிளேட் தேய்ந்து முடிந்திருந்தால் புது ஆயில் ஊற்றியும் பிடிக்காது. சில வண்டியில் தேய்ந்த துகளோடு கூடிய பழைய ஆயில்தான் ஏதோ பிடித்துக்கொண்டிருக்கும். புதுசு போட்டதும் அதுவும் நழுவிவிடும். அடியில் இருக்கிற ஆயில் தட்டைக் கழற்றினால் பாதி தெரிந்துவிடும். அதில் காந்தம் வைத்திருப்பார்கள். காந்தத்தில் சாம்பல் நிறத்தில் குழம்பு மாதிரி ஒட்டியிருந்தால் அது வழக்கமான தேய்மானம். பளபளவென்று இரும்புச் சில்லு இருந்தால் பெட்டி போய்விட்டது.

"கழட்டட்டுமா?"

வினோலியா பச்சமுத்துவைப் பார்த்தார். அவர், "உங்க வண்டி, நீங்க சொல்லோணும்" என்றார்.

"கழட்டுங்கண்ணா."

"இப்போ இல்ல. ஆறட்டும். நாளைக்குக் கழட்டுறேன். இந்த வண்டிக்குன்னு சொன்ன ஆயில்தான் ஊத்தணும், செவப்பா இருக்கறதெல்லாம் ஒன்னு கிடையாது. ஃபில்டரும் ஆயிலும் சென்னையில இருந்து வரணும். ஒரு வாரம் ஆகும்."

மறுநாள் மத்தியானம் தோமினிக்கிடமிருந்து ஒரு போட்டோ வந்தது. வினோலியாவுக்குத் திறக்கக் கை வரவில்லை. மார்ட்டினிடம் போனைக் கொடுத்தார். மார்ட்டின் பெரிதாக்கிப் பார்த்து, "சாம்பக் கலர்தான். குழைச்ச திருநீறு மாதிரி இருக்கு. சில்லு எதுவும் இல்ல" என்றார். வினோலியா சமையலறைக்குப் போய்ச் சத்தமில்லாமல் ஒரு அருள்நிறை மரியே ஜெபம் சொன்னார். கார் ஓடுமா என்று இன்னும் தெரியாது. ஓடாது என்று சொல்ல முடியாது என்பதே அப்போதைக்குப் போதுமாக இருந்தது.

அன்று சாயங்காலம் அவர் சௌமியாவுக்குப் போன் செய்தார். ஒரு வாரம் யார் வீட்டுக்கும் வர முடியாது, மற்ற நான்கு வீட்டுக்கும் சொல்லிவிட வேண்டும் என்றார்.

"ஏனுங்க டீச்சர், பஸ்ஸுல காளிப்பட்டி வரைக்கும் வர முடியுமுங்களா? இடமிருக்கற பஸ்ஸாப் பாத்து?"

"வரலாம். ஆனா அங்கிருந்து அஞ்சு ஊட்டுக்கு எப்படிப் போறது சௌமியா?"

"அஞ்சு ஊட்டுக்கு எதுக்குங்க. எங்கூட்டுக்கு மட்டும் வாங்க. ஸ்டாப்புக்கு நான் ஸ்கூட்டியில வாரேன். மத்தவங்கள எங்க மாமா குட்டியானையில கூட்டியாந்துருவாருங்க. நான் கேட்டுட்டேன்."

வினோலியாவுக்கு அது சரிவருமா என்று தெரியவில்லை. அந்தத் தாய்மார்கள் பிள்ளையை வெளியே எடுத்து வருகிறவர்கள் அல்ல. கோயிலுக்குத் தூக்கிப் போனால் ஒருவர் உச்சுக்கொட்டுவார், ஒருவர் முற்பிறவி பற்றிப் பேசுவார். அதற்கு வீட்டிலேயே இருந்துவிடலாம். அதிலும் கண்ணாத்தாள், மகன் பிரபாவைத் தூக்கிக்கொண்டு தன் வாசலைத் தாண்டியே வருடக்கணக்காகியிருந்தது. டீச்சர் போனால்கூடக் கதவை ஒருக்களித்துத்தான் திறப்பாள்.

குறித்த நாளில் வினோலியா பஸ்ஸில் வந்து இறங்கி, சௌமியாவின் ஸ்கூட்டியில் பின்னால் ஒருக்களித்து உட்கார்ந்து போனபோது, வீட்டு வாசலில் குட்டியானை நின்றுகொண்டிருந்தது. பின்தட்டில் பச்சமுத்து இரண்டு மெத்தையை விரித்து, மேலே வெயிலுக்குத் தார்ப்பாய் கட்டியிருந்தார். ஓரமெல்லாம் தலையணை. கிழங்கு வாசம் போகக் கழுவியும் விட்டிருந்தார். ஐந்து பிள்ளைகளும் வந்திருந்தார்கள். பிரபாவும்.

முதலில் தாய்மார்கள் கூடத்தில் ஆளுக்கொரு மூலையில் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஐந்து பேரும் ஒருவர் மடியை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வினோலியா பாய் விரித்து ஒவ்வொரு பிள்ளையாகக் கை கால் நீட்டிவிட ஆரம்பித்தார்.

பிரபாவுக்குச் சோறு ஊட்டுகிற நேரம் வந்தது. கண்ணாத்தாள் அவனைப் படுக்கவைத்த வாக்கிலேயே ஊட்ட, அவனுக்குப் புரையேறியது. சௌமியா எழுந்து உள்ளே போனாள். நீல நிற பிளாஸ்டிக் டிரம்மை வெட்டிச் செய்த ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அறிவுக்காக அவளே அறுத்து, விளிம்பில் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றி, உள்ளே பஞ்சு வைத்துத் தைத்தது.

"அக்கா, இதுல உக்கார வெச்சுப் பாருங்க. தாடை கொஞ்சம் கீழ இருக்கோணும். அறிவுக்கும் மொதல்ல அப்படித்தான் பொறையேறிட்டே இருக்கும்."

பிரபா உட்கார்ந்தான். தலை பஞ்சில் சாய்ந்து நின்றது. கண்ணாத்தாள் ஒரு வாய் கொடுத்தாள். அவன் விழுங்கினான். இன்னொரு வாய். கிண்ணம் காலியாகிறவரை கூடத்தில் எல்லோரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முடிந்ததும் கண்ணாத்தாள் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, "உங்க பாப்பாளுக்கும் ராத்திரி தூக்கமே இருக்காதுங்களா?" என்று கேட்டாள். சௌமியா, "ரெண்டு வருசம் நான் தூங்குனதே இல்லீங்க" என்றாள். அவ்வளவுதான். மடை உடைத்துக்கொண்டது. இழுப்புக்கு எந்த டாக்டர், மலம் இறங்காவிட்டால் என்ன கொடுப்பது, புருஷன் என்ன சொல்கிறான், மாமியார் என்ன சொல்கிறாள், தனக்கு ஒன்று ஆகிவிட்டால் பிள்ளையை யார் பார்ப்பது. ஒருத்தி பேசும்போது இன்னொருத்தி தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள். ஆட்டிய தலையில் உச்சுக்கொட்டல் இல்லை.

வினோலியா ஒரு சுவரில் சாய்ந்து பூட்ஸைக் கழற்றிவைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். அன்று அவர் சொல்லிக்கொடுத்தது கொஞ்சம்தான். டிரம் நாற்காலியைப் பற்றி அவருக்குத் தெரியும். பிரபாவுக்குப் புரையேறுவதும் தெரியும். இரண்டுக்கும் நடுவில் மூன்று மைல்தான். இத்தனை வருடமாக ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியாகப் போய்வந்துகொண்டிருந்தாரே தவிர, இவர்களை ஒரே கூடத்தில் உட்காரவைக்கத் தோன்றவேயில்லை. கார் ஓடிக்கொண்டிருந்தால் இனியும் தோன்றியிருக்காது. இதை நினைத்தபோது அவருக்குத் தன்மேல் கோபம் வரவில்லை. நெஞ்சுக்குள் இதமாக இருந்தது.

அந்த வாரத்துக்குள் மறுபடியும் ஒரு நாள் கூடினார்கள். இரண்டாவது நாள் கண்ணாத்தாள் எல்லோருக்கும் எள்ளுருண்டை பிடித்துக்கொண்டு வந்தாள்.

தோமினிக் கூப்பிட்டபோது வினோலியா மார்ட்டினோடு போனார். கசிந்த பைப்பை மாற்றி, புது ஃபில்டர் போட்டு, தட்டைக் கழுவி மாட்டியிருந்தார். பழைய ஆயில் ஒரு டப்பாவில் இருந்தது, தார் மாதிரி. புது ஆயிலைக் குப்பியில் காட்டினார். மாதுளை ரசம் மாதிரி.

"கீழ திறந்துவிட்டா பாதி ஆயில்தான் டீச்சர் இறங்கும். மீதி உள்ள கன்வர்ட்டர்ல நின்னுக்கும். மெஷின் வெச்சு அழுத்தி மொத்தத்தையும் கழுவலாம், ஆனா இவ்வளவு நாள் கவனிக்காத பெட்டியில அதைப் பண்ண எனக்குத் தைரியம் இல்ல. அழுக்கக் கிளப்பிவிட்டா எங்கயாவது போய் அடைச்சுக்கும். இப்போ பாதி. கொஞ்ச நாள் ஓட்டிட்டு வாங்க, மறுபடி பாதி. அப்புறம் இன்னொரு தடவ. மெதுவா சுத்தமாயிரும்."

வினோலியா ஏறி உட்கார்ந்தார். தோமினிக் சொன்னபடி பிரேக்கை மிதித்துக்கொண்டு கியர் கம்பியை ஒவ்வொரு இடத்திலும் கொஞ்சம் நிறுத்தி நிறுத்தி நகர்த்தினார், ஆயில் எல்லாப் பாதையிலும் போக வேண்டுமென்று. பிறகு டி. பிரேக்கிலிருந்து காலை மெல்ல எடுத்தார்.

கார் நகர்ந்தது. யோசிக்கவில்லை, இடிக்கவில்லை. வேப்பமர நிழலைவிட்டு வெயிலுக்கு வந்தது. தோமினிக் கூடவே நடந்து வந்தார். மார்ட்டின் நின்ற இடத்திலேயே நின்று கையைக் கூப்பினார்.

தோமினிக்கும் ஏறிக்கொள்ள, ஆத்தூர் ரோட்டில் கொஞ்ச தூரம் போய்த் திரும்பி வந்தார்கள். இரண்டாவது கியரிலிருந்து மூன்றாவதுக்கு மாறும்போது இன்னும் ஒரு லேசான நடுக்கம் இருந்தது. தோமினிக் அதைக் கவனித்தார். "அது முழுசாப் போகுமா போகாதான்னு அடுத்த தடவ ஆயில் மாத்துனாத்தான் தெரியும். போகலன்னாலும் பயமில்ல. மெதுவா ஓட்டுங்க, பாரம் அதிகம் ஏத்தாதீங்க." சமதரையில் நிறுத்தி, சூடேறிய வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே குச்சியை எடுக்கச் சொல்லிக்கொடுத்தார். வினோலியா தானே துடைத்து, விட்டு, எடுத்துப் பார்த்தார். கோட்டுக்குச் சரியாக நின்றது.

அவர் தோமினிக்குக்கு நன்றி சொல்ல வாயெடுத்தபோது தோமினிக்கே முந்திக்கொண்டார். "பச்சமுத்துண்ணனுக்குச் சொல்லுங்க டீச்சர். அன்னைக்கு இன்னும் நாலு தடவ முறுக்கியிருந்தீங்கன்னா, கயிறு கட்டி இழுத்துட்டு வந்திருந்தீங்கன்னா, நான் ஒன்னும் பண்ணியிருக்க முடியாது."

அதை வினோலியா பச்சமுத்துவிடம் சொன்னபோது அவர், "அட, நீங்க எம்பேத்திக்குச் சோறு வேணுங்கறத கண்ணுல கேக்கச் சொல்லிக்குடுத்தீங்க. நான் குச்சியத்தான உருவுனேன்" என்று சொல்லிவிட்டுக் கிழங்கு ஏற்றப் போய்விட்டார்.

அடுத்த முறை ஆயில் மாற்றியதில் நடுக்கம் இன்னும் குறைந்தது. அதற்கடுத்ததில், சில காலை வேளைகளில் மட்டும் தெரிகிற அளவுக்கு வந்து நின்றது. முழுசாகப் போகவில்லை. இருந்துவிட்டுப் போகட்டும் என்று வினோலியா அதையும் ஏற்றுக்கொண்டார். ஒரு அறுபது வயது ஆளின் முழங்கால் வலியைப் போல அது பாட்டுக்கு இருந்தது. பூசைக்கு வருகிற யாராவது ஆட்டோமேட்டிக் வண்டி வாங்கினால் அவர் விடமாட்டார். கோயில் வாசலிலேயே நிறுத்தி, கியர்பாக்ஸ் ஆயில் எப்போது மாற்றினீர்கள், நிறம் பார்த்தீர்களா, வண்டிக்குக் கொடுத்த புத்தகத்தில் என்ன போட்டிருக்கிறது என்று கேட்பார். மார்ட்டின் ஓரமாக நின்று சிரிப்பார்.

கார் சரியான பிறகும் கூடத்துக் கூட்டம் நிற்கவில்லை. மாதத்துக்கு ஒருமுறை என்று அவர்களே வைத்துக்கொண்டார்கள். மற்ற நாளில் டீச்சர் வீடு வீடாகப் போவார். அந்த ஒரு நாள் எல்லோரும் சௌமியா வீட்டுக்கு. தொலைவிலிருந்து இன்னொரு தாயும் கேள்விப்பட்டு வந்தாள். சௌமியா டிரம் வெட்டி இன்னும் மூன்று நாற்காலி செய்து கொடுத்தாள்.

ஆடி மாதக் கூட்டத்துக்குப் பச்சமுத்துவுக்கு வேறு சவாரி இருந்தது. அதனால் கண்ணாத்தாளையும் பிரபாவையும் கூட்டிவர வினோலியாவே காரில் போனார். கண்ணாத்தாள் வாசலில் புடவை மாற்றித் தலை வாரி, பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றிருந்தாள். பின்சீட்டில் ஏறப்போனவளை வினோலியா முன்னால் வரச் சொல்லி, "பின்னாடி அவனுக்கு இடம் பண்ணியிருக்கேன், பெல்ட்டு போட்டுரலாம். நீ எங்கூட உக்காரு" என்றார்.

கொஞ்ச தூரம் வரை அவள் கைப்பிடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தாள். மழை வருகிற மாதிரிக் காற்று. சோளத்தட்டு எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்து எழுந்தது. வழியில் களை வெட்டிக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். ஒருத்தி கண்ணாத்தாளை அடையாளம் கண்டு கை காட்டினாள். கண்ணாத்தாளும் தயங்கிக் கை காட்டினாள்.

பிறகு திரும்பிப் பின்னால் பிரபாவைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"டீச்சர், பின்னாடி கண்ணாடிய எறக்கி உடுங்க. பையனுக்குக் காத்துப் படட்டும்."

வினோலியா இறக்கிவிட்டார்.